நடுவழியில் நின்றுபோன செயின் வண்டியைப் பத்திரமாக நகர்த்துவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குவாரியிலோ கண்மாயிலோ எக்ஸ்கவேட்டர், அதாவது சக்கரத்துக்குப் பதில் இரும்புச் செயினில் ஓடும் மண் அள்ளும் வண்டி, நின்றுபோனால், கொஞ்ச நேரத்தில் அங்கே ஒரு கூட்டம் கூடிவிடும். ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். மணி வாடகை போகிறதே என்று உரிமையாளர் போனில் கத்துவார். யாரோ ஒருவர் ரோப்பை எடுத்து வந்து பக்கெட் பல்லில் மாட்டுவார். ஆள் சாவது பெரும்பாலும் இந்த அவசரத்தில்தான். அதனால்தான் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே விரிவாகப் பதில் எழுதுகிறேன்.

நம் ஊரில் அதிகம் ஓடும் 20 டன் வகை எக்ஸ்கவேட்டரை மனதில் வைத்தே எழுதியிருக்கிறேன், கணக்குகளில் அதன் எடையை 21 டன் என்று வைத்திருக்கிறேன். ஊரில் எந்தக் கம்பெனி வண்டியாக இருந்தாலும் ஹிட்டாச்சி என்றுதான் சொல்கிறோம், அந்த வண்டிதான். புல்டோசருக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும். ஆனால் போல்ட்டைத் தொடும் முன் உங்கள் வண்டியின் கையேட்டைப் பாருங்கள். கம்பெனிக்குக் கம்பெனி, மாடலுக்கு மாடல் உள்ளே அமைப்பு மாறும்.

வண்டி நின்றுவிட்டது. முதலில் என்ன செய்வது?

பக்கெட்டைத் தரையில் இறக்குங்கள். இன்ஜின் நின்ற பிறகும் பூமை, அதாவது பக்கெட்டைத் தாங்கும் பெரிய கையை, இறக்க ஒரு வாய்ப்பு உண்டு. பெரும்பாலான வண்டிகளில் பைலட் லைனில், அதாவது லீவர்களுக்கான எண்ணெய்க் குழாயில், அழுத்தத்தைச் சேமித்து வைக்கும் ஒரு அக்குமுலேட்டர் இருக்கிறது. சாவியை ஆன் நிலையில் வைத்து, பாதுகாப்பு லீவரை விடுவித்து, பூம் லீவரை இறக்கும் பக்கம் தள்ளினால் பூம் தன் எடையிலேயே இறங்கும். அந்த அழுத்தம் ரொம்ப நேரம் நிற்காது. அதனால் வண்டி நின்றவுடனே இதைச் செய்துவிட வேண்டும். பூம் இறங்கவில்லை என்றால் அதன் கீழே யாரும் போகக்கூடாது, ஒரு நிமிடம் எட்டிப் பார்ப்பதற்குக்கூட. கையால் இறக்குவதற்கென்று வால்வு இருக்கும். அதை மெக்கானிக் வந்து திறக்கட்டும்.

அப்புறம் செயினுக்கு முன்னும் பின்னும் முட்டுக்கட்டை போடுங்கள். சமதளமாகத் தெரிந்தாலும் போடுங்கள். பேட்டரி மெயின் சுவிட்சை அணையுங்கள். ஹோஸ் (எண்ணெய்க் குழாய்) வெடித்து நின்றிருந்தால் எண்ணெய் எங்கே கசிகிறது என்று கையால் தடவிப் பார்க்காதீர்கள். இந்த வண்டிகளின் மெயின் அழுத்தம் சுமார் 350 பார். ஊசி முனை அளவு ஓட்டையிலிருந்து வரும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், வலியும் முதலில் பெரிதாக இருக்காது. ஆனால் சில மணி நேரத்தில் விரலையோ கையையோ எடுக்க வேண்டிய நிலை வரலாம். அட்டையை நீட்டிப் பாருங்கள். உடம்பில் பட்டுவிட்டால், எண்ணெய் உள்ளே போய்விட்டது என்று டாக்டரிடம் தெளிவாகச் சொல்லி உடனே அறுவை சிகிச்சை வசதியுள்ள ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

நகர்த்தித்தான் ஆக வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டாம். பேட்டரி, ஸ்டார்ட்டர், டீசல் லைனில் காற்று, ஃபில்டர் அடைப்பு, சென்சார், ஹோஸ் என்று வழக்கமாக வரும் கோளாறுகளை எல்லாம் நின்ற இடத்திலேயே சரிசெய்ய முடியும். மெக்கானிக்கை வண்டியிடம் கூட்டி வருவது, வண்டியை மெக்கானிக்கிடம் கொண்டு போவதைவிட எப்போதும் மலிவு, எப்போதும் பத்திரம். தண்ணீர் ஏறுகிறது, மேலே பாறை சரியும் நிலையில் இருக்கிறது, பொதுப் பாதையை மறித்து நிற்கிறது, மின்கம்பிக்குக் கீழே மாட்டியிருக்கிறது. நகர்த்துவதற்கு இவைதான் நியாயமான காரணங்கள். மணி வாடகை இந்தப் பட்டியலில் கிடையாது.

இன்ஜின் ஆஃப். நியூட்ரலில் இருப்பது மாதிரிதானே? இழுத்தால் ஏன் செயின் சுற்றுவதில்லை?

லாரி மாதிரி நினைப்பதால் வரும் கேள்வி இது. செயின் வண்டியில் நியூட்ரல் கியர் என்று ஒன்று இல்லை. ஒவ்வொரு செயினுக்கும் எண்ணெய் அழுத்தத்தில் சுற்றும் தனித்தனி டிராவல் மோட்டார், அதை ஒட்டி ஃபைனல் டிரைவ் எனும் கியர் பெட்டி. மோட்டாருக்குள் இருக்கும் பார்க்கிங் பிரேக்கைப் பிடித்து வைப்பது ஸ்பிரிங், விடுவிப்பது எண்ணெய் அழுத்தம். இன்ஜின் ஓடி, பம்பு அழுத்தம் கொடுத்து, நீங்கள் பெடலையோ லீவரையோ தள்ளினால்தான் பிரேக் விடும். இன்ஜின் நின்றால் அழுத்தம் போய்விடும், ஸ்பிரிங் தானாகப் பிடித்துக்கொள்ளும். சரிவில் ஹோஸ் வெடித்தால் வண்டி உருண்டுவிடக் கூடாது என்றுதான் இப்படிச் செய்திருக்கிறார்கள். உயிரைக் காப்பாற்றும் ஏற்பாடு அது.

அப்படியானால் பிரேக்கை மட்டும் கைப்பம்பு வைத்து விடுவித்தால் போதாதா?

எக்ஸ்கவேட்டரில் போதாது. வெளியிலிருந்து இழுத்தால் மோட்டாரே பம்பாக மாறி எண்ணெயைத் தள்ளப் பார்க்கும். அந்த எண்ணெய் வெளியேறும் வழியை கவுன்டர் பேலன்ஸ் வால்வு மூடி வைத்திருக்கும். பிரேக் விட்டாலும் எண்ணெய் பிடித்துக்கொள்ளும். அதனால் மோட்டாருக்கும் ஸ்பிராக்கெட்டுக்கும் (செயினைச் சுற்றும் பல் சக்கரம்) இடையே உள்ள கியர் தொடர்பையே துண்டிக்க வேண்டும். சில புல்டோசர்களில் பிரேக்கை மட்டும் விடுவித்து இழுக்க வழி உண்டு. அது கையேட்டில் எழுதியிருந்தால் மட்டும் செய்யுங்கள்.

ஃபைனல் டிரைவை எப்படி விடுவிப்பது?

பெரும்பாலான எக்ஸ்கவேட்டர்களில் ஸ்பிராக்கெட்டின் நடுவில் வட்டமான மூடி ஒன்று இருக்கும், சுற்றிலும் போல்ட்டுகள். அதற்குள்ளே பிளானட்டரி கியர். அதன் நடுவில் நிற்கும் சன் கியரை வெளியே எடுத்துவிட்டால் மோட்டார் தனி, ஸ்பிராக்கெட் தனி. அப்புறம் செயின் தாராளமாகச் சுற்றும். வேலை சின்னது. ஆனால் அதைச் செய்யும் வரிசையில்தான் உயிர் இருக்கிறது.

முதலில் கட்டை. இரண்டு செயினுக்கும் இரு பக்கமும் கனமான கட்டை, சரிவாக இருந்தால் மேல்பக்கத்தில் இன்னொரு வண்டியை நிறுத்தி ரோப்பால் பிடித்து வைப்பது. இதற்கு முன் ஒரு போல்ட்டைக்கூடத் தளர்த்தாதீர்கள். நீங்கள் எடுக்கப்போகும் அந்தச் சின்ன கியர்தான் அந்த நேரத்தில் 21 டன்னைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது.

கியர் எண்ணெய் சூடாக இருந்தால் ஆறவிடுங்கள். மூடியைச் சுற்றி அப்பியிருக்கும் சேற்றை இரும்புத் தகட்டால் சுரண்டி, டீசலில் நனைத்த துணியால் துடைத்து எடுங்கள். ஒரு சிட்டிகை மணல் உள்ளே போனாலும் ஃபைனல் டிரைவ் வீணாகும். வடிகால் பிளக் கீழே வந்து நின்றிருந்தால் உங்கள் அதிர்ஷ்டம், வாளியை வைத்து வடித்துவிடலாம். பக்கவாட்டில் நின்றிருந்தால் மூடியைத் திறக்கும்போது எண்ணெய் மொத்தமாக மடியில் கொட்டும். அகலமான பாத்திரம் வைத்துக்கொள்ளுங்கள். எண்ணெயை வயலிலோ கண்மாய்த் தண்ணீரிலோ விடாதீர்கள்.

மூடி வந்த பிறகு சன் கியரை விரலால் ஆட்டிப் பாருங்கள். லேசாக ஆடினால் கியரில் சுமை இல்லை, இழுத்தால் வந்துவிடும். இறுகி நின்றால் வண்டியின் எடை கியரில் தொங்குகிறது என்று அர்த்தம். கம்பியை வைத்து நெம்பாதீர்கள். அந்த நிலையில் கியர் வெளியே வரும் நொடியிலேயே வண்டி நகரும், உங்கள் கை ஸ்பிராக்கெட்டுக்குள் இருக்கும். வெளியே வந்து, பிடித்து வைத்திருக்கும் வண்டியால் மெதுவாக ரோப்பை இறுக்கி சுமையை எடுத்துவிட்டு மறுபடி ஆட்டிப் பாருங்கள்.

எடுத்த கியரைச் சுத்தமான துணியில் சுற்றி, இடதா வலதா என்று எழுதி பத்திரமாக வையுங்கள். மூடியைத் திரும்பப் போட்டு, எண்ணெய் ஊற்றுங்கள். இழுக்கும்போது உள்ளே மிச்ச கியர்கள் சுற்றிக்கொண்டுதான் இருக்கும். எண்ணெய் இல்லாமல் இழுத்தால் கோளாறு இன்ஜினோடு நிற்காது. இரண்டு பக்கமும் இதேபோல் செய்ய வேண்டும். முடிந்ததும் கேபின் கதவில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள்: பிரேக் இல்லை.

கொஞ்ச தூரம்தானே, கழற்றாமலே தரதரவென்று இழுத்தால் என்ன?

வழுக்கும் சேற்றில் சில அடிகள் வழுக்கி வரலாம். கெட்டித் தரையில் செயின் பூட்டிய வண்டியை இழுக்க, அதன் எடையில் மூன்றில் இரண்டு பங்கு விசை வேண்டும் என்பது மீட்புப் பணிகளில் வைக்கும் தோராயக் கணக்கு. 21 டன் வண்டிக்கு 14 டன். அவ்வளவு விசையும் ரோப்பிலும் கொக்கியிலும் ஏறி நிற்கும். பிரேக் தட்டு, கியர் பல், மோட்டார் என்று எது முதலில் போகும் என்று சொல்ல முடியாது. உயிருக்கு ஆபத்து வந்து உடனே நகர்த்த வேண்டிய நிலை தவிர வேறெதற்கும் இதைச் செய்யாதீர்கள்.

விடுவித்த வண்டியைக்கூட நடக்கும் வேகத்துக்கும் குறைவாகத்தான் இழுக்க வேண்டும். மணிக்கு 2 கி.மீ.க்கு மேல் கூடாது என்று சில கையேடுகளும், 1 கி.மீ. போதும் என்று சிலவும் சொல்கின்றன. தூரமும் ரிப்பேர் பார்க்க வசதியான இடம் வரைதான். அதற்கு மேல் என்றால் லோபெட், அதாவது வண்டியை ஏற்றிப் போகும் தாழ்தள டிரெய்லர்.

எந்த ரோப்? சங்கிலி போதுமா?

சங்கிலி வேண்டாம். ஒரு கண்ணியில் விரிசல் இருந்தாலும் வெளியே தெரியாது, முன்னறிவிப்பு இல்லாமல் அறும். இரு முனையிலும் கண் (வளையம்) போட்ட வயர் ரோப்தான் சரி. அதில் இழை அறுந்திருந்தால், நசுங்கியிருந்தால், துருப்பிடித்து விறைத்திருந்தால் கண்ணால் பார்த்தே ஒதுக்கலாம். கையுறை இல்லாமல் தடவாதீர்கள், அறுந்த இழை சதையைக் கிழிக்கும்.

ரோப்பின் பலம், இழுக்கும் வண்டியின் எடையைப்போல் குறைந்தது ஒன்றரை மடங்கு இருக்க வேண்டும். 21 டன் வண்டி இழுத்தால் 32 டன். எஃகு உள்தண்டு உள்ள நல்ல 28 மி.மீ. வயர் ரோப் புதிதாக இருக்கும்போது ஏறத்தாழ 50 டன்னில்தான் அறும். அதை வாங்கிய பில்லோடு சான்றிதழும் இருந்தால்தான் இந்தக் கணக்கெல்லாம். பழைய இரும்புக் கடையில் எடுத்த ரோப்புக்குக் கணக்கே கிடையாது. ரோப்பை மாட்டும் U வடிவ இரும்பு வளையமான ஷேக்கிளிலும் தாங்கும் எடை பொறித்திருக்க வேண்டும். பின்னுக்குப் பதிலாக போல்ட்டைச் செருகுவது நம் ஊரில் சாதாரணமாக நடக்கிறது. இழுவையில் அந்த போல்ட் வளைந்து தெறித்துவிடும், தயவுசெய்து செய்யாதீர்கள்.

ரோப்பை எங்கே மாட்ட வேண்டும்?

டிராக் ஃபிரேமில், அதாவது செயின் ஓடும் அடிச்சட்டத்தில். ரோப்பைச் சட்டத்தைச் சுற்றிக் கட்டி, விளிம்பு படும் இடத்தில் மரக்கட்டை வையுங்கள், கூரான இரும்பு ரோப்பை அறுத்துவிடும். பல வண்டிகளின் சட்டத்தில் ஒரு ஓட்டை இருக்கும், அதில் ஷேக்கிள் மாட்டச் சொல்லித் தோன்றும். அது அந்த வண்டி வேறு லேசான பொருளை இழுப்பதற்கு வைத்தது. அந்த வண்டியையே இழுக்க அது தாங்காது.

இழுக்கும் வண்டியிலும் இதே விதிதான். பக்கெட் பல், பக்கெட்டின் தூக்கு கொக்கி, பூம், செயின் தகடு எதிலும் மாட்டக்கூடாது. பல்லில் மாட்டிய ரோப் எப்போது வேண்டுமானாலும் நழுவும். ரோப் தரைக்கு இணையாக, சட்டத்துக்கு நேர்கோட்டில் இருக்கட்டும். கோணம் விழத்தான் வேண்டும் என்றால் 30 டிகிரிக்குள்.

இழுக்கும்போது ஆட்கள் எங்கே நிற்பது?

ரோப் நீளத்தைப்போல் ஒன்றரை மடங்கு தூரத்துக்குள் யாரும் கூடாது, ரோப்பின் நேர்கோட்டிலும் கூடாது. 20 மீட்டர் ரோப் என்றால் 30 மீட்டர். வேடிக்கை பார்க்க வந்த பிள்ளைகள், வீடியோ எடுப்பவர், டீ கொண்டு வந்தவர் எல்லோருக்கும் இது பொருந்தும். விசையேறிய வயர் ரோப் அறுந்தால் கண் பார்ப்பதற்கு முன் வந்து அடிக்கும். அதைப் பார்த்து விலகிக்கொள்ளலாம் என்று நினைப்பவர்களுக்குச் சொல்கிறேன், முடியாது. இழுக்கும் வண்டியின் கேபினுக்கு ரோப் பக்கம் கம்பி வலையோ தகடோ கட்டாயம் வேண்டும். ரோப்பின் நடுவில் கனமான ஈரச் சாக்கைப் போட்டால் தெறிக்கும் வேகம் கொஞ்சம் குறையும், ஆனால் அதை நம்பிக் கிட்டே நிற்காதீர்கள்.

சைகை கொடுக்க ஒரே ஆள். இரண்டு ஆபரேட்டர்களுக்கும் அவர் தெரிய வேண்டும். நிறுத்து என்ற சைகையை மட்டும் யார் காட்டினாலும் நிறுத்திவிட வேண்டும். இழுபடும் வண்டியில் ஸ்டியரிங்கும் இல்லை, பிரேக்கும் இல்லை. அதனால் அதில் யாரும் உட்காரத் தேவையில்லை. ரோப்பை மெதுவாக இறுக்கி, நின்று, எல்லா மாட்டும் இடங்களையும் தூரத்திலிருந்தே பார்த்துவிட்டு, அப்புறம் ஒரே சீராக இழுங்கள். தளர விட்டு வெடுக்கென்று இழுக்கும் பழக்கம்தான் நல்ல ரோப்பையும் அறுக்கிறது.

நாலு டிராக்டரை வரிசையாகக் கட்டி இழுக்கலாமா?

கூடாது. சுமை அசையாமல் நிற்க, பின்சக்கரம் பிடித்துக்கொண்டால் டிராக்டரின் முன்பக்கம் எழும்பிப் பின்னால் கவிழும். ரோப்பைக் கொஞ்சம் உயரமாகக் கட்டியிருந்தால் இன்னும் சீக்கிரம். கிளட்சை மிதிக்கக்கூட ஓட்டுநருக்கு நேரம் கிடைக்காது. நாலு டிராக்டர் ஒரே நேரத்தில் ஒரே சீராக இழுக்கவும் செய்யாது. யாரோ ஒருவரின் ரோப்பில்தான் மொத்தச் சுமையும் விழும்.

சரிவில் நின்றிருக்கிறது. என்ன வித்தியாசம்?

முன்னால் ஒரு வண்டி இழுத்தால் பின்னால் ஒரு வண்டி பிடித்து வர வேண்டும். இறக்கத்தில் இழுக்கும்போது விடுவித்த வண்டி முந்திக்கொண்டு வந்து இழுக்கும் வண்டியை இடிக்கும். பிடித்து வரும் வண்டி சமமான அல்லது அதிக எடை உள்ளதாக இருக்கட்டும். அப்படி இரண்டு வண்டி இல்லையென்றால் விடுவிக்கவே வேண்டாம், நின்ற இடத்தில் ரிப்பேர் பாருங்கள்.

கண்மாய்ச் சேற்றில் புதைந்துவிட்டது, இன்ஜினும் நின்றுவிட்டது. எவ்வளவு இழுத்தால் வரும்?

ராணுவ மீட்புக் கணக்கு ஒன்று இங்கே உதவும். சக்கர அளவுக்குப் புதைந்தால் வண்டியின் எடை அளவுக்கு விசை வேண்டும். உடல் வரை புதைந்தால் இரண்டு மடங்கு, அதற்கும் மேலே போனால் மூன்று மடங்கு. செயின் மூழ்கி மேல்கட்டின் (கேபினும் இன்ஜினும் உள்ள, சுழலும் மேல்பகுதி) அடி வரை சேறு ஏறிய 21 டன் வண்டிக்கு 42 டன். அதே வகை எக்ஸ்கவேட்டர் ஒன்றின் இழுவிசை சுமார் 18 முதல் 20 டன்தான். எண்ணிப் பார்த்தாலே தெரியும், ரோப்பை மாட்டி இழுப்பதில் அர்த்தமில்லை.

ஆகவே மண்வேலைதான் முதலில். கெட்டித் தரையில் நிற்கும் இன்னொரு வண்டியால் செயினைச் சுற்றிச் சேற்றை அள்ளுங்கள், வெளியேறும் பக்கம் சரிவாக வாய்க்கால் வெட்டுங்கள், தேங்கும் தண்ணீரை மோட்டார் வைத்து இறையுங்கள். சேறு அடியில் உறிஞ்சிப் பிடித்திருக்கும். பக்கவாட்டில் காற்றுப் போக வழி கிடைத்தால் பிடி பாதி விட்டுவிடும். செயினுக்கு முன்னால் பனந்துண்டுகளையோ பழைய ரயில் ஸ்லீப்பர் கட்டைகளையோ குறுக்காக அடுக்கலாம். வண்டி உள்ளே போன தடத்திலேயே பின்னோக்கி இழுங்கள், அந்தத் தடத்தில்தான் எதிர்ப்பு குறைவு. மீட்க வந்த வண்டியைக் கரை ஓரத்தில் கொண்டுபோய் அதையும் புதைத்துவிடும் சம்பவங்கள் நிறைய. அதற்கும் தரை தாங்குமா என்று முதலில் சோதியுங்கள்.

இழுவிசை போதாமல் ஸ்நாட்ச் பிளாக் (கப்பி) போட்டால் ஒரு ரோப்பில் இழுக்கும் விசை இரட்டிப்பாகும். அப்போது பிளாக்கைப் பிடித்திருக்கும் ஷேக்கிளிலும் அந்த இரட்டிப்பு சுமை விழும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கிறது. என்ன செய்வது?

செயினின் மேல்பகுதியைத் தாங்கும் மேல் ரோலரின் நடுப்பகுதி வரைதான் இந்த வண்டிகள் தண்ணீரில் நிற்கலாம் என்பது பொதுவான எல்லை. அதற்கு மேல் ஏறும் என்று தெரிந்தால் பேட்டரியைக் கழற்றுங்கள், ஆட்களை வெளியேற்றுங்கள், வண்டியை விடுங்கள். ஐப்பசி மழையில் கண்மாய் நிரம்பும் வேகத்தைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். இன்ஜின் மூழ்கிய வண்டியை வெளியே எடுத்ததும் ஸ்டார்ட் செய்து பார்க்கக் கூடாது. சிலிண்டருக்குள் நிற்கும் தண்ணீர் அமுங்காது, கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.

இன்ஜின் நன்றாக இருக்கிறது, ஒரு பக்கச் செயின் மட்டும் கழன்றுவிட்டது. இழுக்க வேண்டுமா?

தேவையில்லை. பூமால் அந்தப் பக்கத்தைத் தூக்கி, சட்டத்துக்கு அடியில் கட்டை அடுக்கி, அங்கேயே ஏற்றலாம். பூம் தூக்கிப் பிடித்திருப்பதை மட்டும் நம்பி அடியில் போகாதீர்கள். செயினைத் தளர்த்தும் கிரீஸ் வால்வைத் திறக்கும்போது ஒரு சுற்றுக்கு மேல் தளர்த்த வேண்டாம், முகத்தை அதற்கு நேராக வைக்க வேண்டாம். உள்ளே மிகுந்த அழுத்தத்தில் கிரீஸ் இருக்கிறது, வால்வு குண்டு மாதிரி பறந்து வரும்.

லோபெட்டில் எப்படி ஏற்றுவது?

வின்ச் (ரோப்பைச் சுருட்டி இழுக்கும் கருவி) இருக்கும் லோபெட்டைக் கேளுங்கள். ஓடாத வண்டியைப் பின்னாலிருந்து இன்னொரு எக்ஸ்கவேட்டரின் பக்கெட்டால் தள்ளி ஏற்றுவது சர்வசாதாரணமாக நடக்கிறது. சாய்தளத்தின் நடுவில் அது ஒரு பக்கம் திரும்பினால் நிறுத்த எதுவும் இல்லை. சாய்தளம் 15 டிகிரிக்குள் இருக்கட்டும். செயினில் அப்பிய சேற்றைக் கழுவுங்கள். ஈரச் சேறும் இரும்புத் தளமும் சேர்ந்தால் வண்டி வழுக்கும், தளத்தில் பலகை போட்டால் நல்லது.

ஏற்றியதும் பக்கெட்டைக் கட்டையின் மேல் இறக்கி, மேல்கட்டு சுழலாமல் பூட்டி, செயினுக்கு முட்டுக்கட்டை போட்டு, நான்கு மூலையிலும் சங்கிலியால் இறுக்குங்கள். இழுப்பதற்குத்தான் சங்கிலி வேண்டாம் என்றேன், கட்டுவதற்கு அதுதான் சரி. விடுவித்த ஃபைனல் டிரைவோடு இருக்கும் வண்டியைச் சங்கிலியும் முட்டுக்கட்டையும் மட்டுமே பிடித்திருக்கின்றன என்பதை லோபெட் ஓட்டுநருக்குச் சொல்லிவிடுங்கள். கொஞ்ச தூரம் போனதும் நிறுத்தி மறுபடி இறுக்கச் சொல்லுங்கள்.

மத்திய மோட்டார் வாகன விதியில் அகல வரம்பு 2.6 மீட்டர். 600 மி.மீ. தகடு போட்ட 20 டன் வண்டியின் அகலமே 2.8 மீட்டர். அதனால் அளவு மீறிய சுமைக்கான அனுமதி வாங்கித்தான் ரோட்டில் போக வேண்டும். பூமின் உச்சி எவ்வளவு உயரம் என்று அளந்து, வழியில் தாழ்வான மின்கம்பி இருந்தால் மின்வாரியத்திடம் முன்கூட்டியே பேசுங்கள். கம்பைக் கொண்டு கம்பியைத் தூக்கிவிடும் வேலை வேண்டவே வேண்டாம்.

கிரேன் வைத்துத் தூக்கிவிடலாமே?

தூக்கலாம், ஆனால் கிரேனின் மேல் எழுதியிருக்கும் டன்னைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பூம் நீள நீளத் தூக்கும் திறன் வேகமாகக் குறையும். கிரேனின் லோட் சார்ட்டில் (எந்தத் தூரத்தில் எவ்வளவு தூக்கலாம் என்ற அட்டவணை) அந்தத் தூரத்துக்கு எவ்வளவு என்று பாருங்கள். சேற்றில் புதைந்த வண்டியைக் கிரேனால் பிடுங்கவே கூடாது. பிடி விடும் நொடியில் கிரேன் ஆடிக் கவிழும்.

ரிப்பேர் முடிந்தது. உடனே ஓட்டலாமா?

முட்டுக்கட்டையை எடுக்காமல் இரண்டு சன் கியரையும் அதனதன் பக்கத்தில் மாட்டுங்கள். மூடியின் சீலை மாற்றி, போல்ட்டுகளைக் கையேட்டில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்சால் முறுக்கி, புது எண்ணெயை அளவாக ஊற்றுங்கள். கேபினில் ஒட்டிய தாளை, கியரை மாட்டிய அதே ஆள்தான் கிழிக்க வேண்டும். பிறகு இன்ஜினைப் போட்டு, சமதளத்தில் கட்டையை எடுத்து, இரண்டு பக்கமும் மெதுவாக முன்னும் பின்னும் ஓட்டிப் பாருங்கள். லீவரை விட்டதும் செயின் உடனே நிற்கிறதா, மூடி ஓரத்தில் எண்ணெய் கசிகிறதா, உள்ளே சத்தம் கேட்கிறதா என்று கவனியுங்கள். ஒரு மணி நேரம் ஓடியதும் நிறுத்தி, எண்ணெய் அளவை இன்னொரு முறை பாருங்கள்.